நீலத் தொட்டி மீன்கள்

"மீனுக்கு ஊசி போட்டா அழுமாப்பா? தண்ணிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?"

மகள் லோஷினி ஐந்து வயதில் கேட்ட கேள்வி. பதில் தெரியாமல்தான் கமலநாதன் ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு, தீவனத்தில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தில் இறங்கினார். மூன்று வருட உழைப்பு. செடெனாக் மீன் ஆய்வு நிலையத்தில் இப்போது அவருக்கு ஒரே தலைவலி: சாக வேண்டிய மீன்கள் சாகவில்லை.

சிவப்புத் தொட்டித் திலாப்பியா மீன்களுக்கு மருந்துத் தீவனம். நீலத் தொட்டிக்கு வெறும் தீவனம். ஒரு மாதம் கழித்து இரண்டிலும் கிருமியை விட்டாயிற்று. சிவப்பு பிழைத்து, நீலம் கண் பிதுங்கி மிதந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நீலமோ கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தது.

தலைமை ஆய்வாளர் சுபத்திரா கண்ணாடியைத் தட்டினார். "என்ன கமலநாதன், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு? மாசக் கடைசிக்குள்ள வித்தியாசம் காட்டலன்னா ப்ராஜெக்ட்ட மூடிருவாங்க லா."

கிருமிதான் சோனி என்று கமலநாதன் நினைத்தார். சாஆ என்ற ஊரில் மீன் செத்துக்கொண்டிருந்த ஒரு குளத்துக்கு ஓடி, வீரியமான கிருமியைக் கொண்டுவந்து விட்டார். நீல மீன்கள் இன்னும் கொஞ்சம் பெருத்தன.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் சந்நிதியில் நின்றார். நோயைப் போக்கச் சொல்லி வந்தவர்கள் நடுவே, 'நோயைக் கொடு தாயே' என்று கேட்க நா எழவில்லை. "உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

கவலையில் சாப்பாடு எடுத்துவர மறந்துபோகும். அப்போதெல்லாம் தீவனம் போடும் கிருஷ்ணம்மா தன் புளிசாதத்தைச் சரிபாதியாகப் பிரித்து டப்பா மூடியில் தள்ளுவார்.

"வேணாங்கா, நீங்க சாப்பிடுங்க."

"ஒருத்தர் தின்ன ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தா எனக்குத் தொண்டையில இறங்காது சார். சாப்பிடுங்க லா."

கடைசி முயற்சியாக, தெப்ராவ் பக்கம் ஒரு பண்ணையில் இருபது மீன் வாங்கி மூன்றாவது தொட்டியில் விட்டு, அதே கிருமியைக் கலந்தார். புது இடத்து மிரட்சியில் தீவனத்தில் வாயே வைக்காத இருபதும் நாலே நாளில் கண் பிதுங்கி மிதந்தன.

"அலமாக்! வாங்கின மீன் சாகுது, சாக வேண்டிய மீன் சாகல!" சுபத்திரா தலையில் கைவைத்தார். "தீவனம் போடுற அந்தம்மாதான் ஏதோ குளறுபடி பண்ணியிருக்கும். ரிப்போர்ட்ல பேர எழுதுங்க, வேலைய விட்டு நிறுத்திடலாம்."

"சேச்சே, அவங்க சொன்னத அப்படியே செய்வாங்க, டாக்டர்."

"அப்ப வேற யாரு?"

சுபத்திரா போனபின் அறையில் யாருமில்லை. 'தவறுக்குப் பொறுப்பு' என்ற கட்டத்தில் கமலநாதன் பேனாவை வைத்தார். மூடியில் விழுந்த அத்தனை பாதிப் புளிசாதங்களும் நினைவுக்கு வந்தன. தன் பெயரையே எழுதி, உறையை ஒட்டி, மேலதிகாரியின் பெட்டியில் போட்டார்.

தொட்டிகளிடம் விடைபெறப் போனபோது கிருஷ்ணம்மா சிவப்பு, நீலத் தீவன வாளிகளோடு நின்றார்.

"ஏன் சார் மூஞ்சி வாடியிருக்கு?"

"நீல மீன் எப்படிப் பொழைச்சுதுன்னே புரியலக்கா. ஒரு துளி மருந்துகூட அதுங்களுக்குப் போகலையே."

கிருஷ்ணம்மா சிவப்பு வாளியைக் கீழே வைத்தார்.

"நடுவுல வெறும் கண்ணாடிதானே சார்? இதுங்க தின்னுறத அந்தப் பிள்ளைங்க வாயத் தொறந்து பார்த்துக்கிட்டே நிக்குதுங்க. அதான் மொத நாள்லேர்ந்தே ரெண்டு வாளியையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து, சரிபாதியாத்தான் போடுறேன்!"