நின்ற இடத்திலேயே நடக்கும் குதிரை

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மகளும் ஒரு குதிரையும் சுகம். அங்கு நீயும் அத்தானும் சுகமாகவும், உன் ரத்த அழுத்தம் கொஞ்சம் அடக்கமாகவும் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ சொன்ன காரியம் முடிந்தது. நாளைக் காலை ரயிலுக்கு உன் மகள் என்னோடு கிளம்புகிறாள். குதிரையிலிருந்து விழுந்து அவள் தோள் எலும்பு முறிந்த நாளிலிருந்து, அது கூடிவிட்ட பிறகும், நீ சரியாகத் தூங்குவதில்லை என்று எடுத்துச் சொன்னேன். "அம்மா தூங்கணும்னா வந்துடறேன் மாமா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சண்டை இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ரயிலில் வரும்போதெல்லாம் நான் ஒத்திகை பார்த்த பேச்சு வீணாய்ப் போயிற்று. ஆகவே நீ நிம்மதியாக இருக்கலாம். மற்றதைச் சாவகாசமாகப் படி.

"கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறவன் நீ, ஆபத்துன்னா என்னன்னு உனக்குத்தான் தெரியும்" என்று என்னைப் பிடித்து அனுப்பினாயே, அங்கேதான் வினை பிடித்தது. குதிரைப் பள்ளிக்குள் நுழைகிறேன். பெரிய கொட்டகை, தரையெல்லாம் மணல், சுவர் நெடுகிலும் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் சாம்பல் நிறக் குதிரை, மேலே உன் மகள். முறுக்கு ஜாஸ்தி என்பதால் குதிரைக்கு இங்கே மாப்பிள்ளை என்று பெயர். நாலு காலும் தாளம் தப்பாமல் தூக்கித் தூக்கி வைக்கிறது, ஆனால் ஓர் அங்குலம்கூட முன்னே வரவில்லை! என் புத்திக்கு வேறென்ன தோன்றும்? மணலில் சக்கரம் புதைந்த வண்டி என்று நினைத்து, பின்னால் போய்த் தள்ளினேன். ஆமாம் அக்கா, தள்ளினேன். "யோவ், யாருய்யா அது, தள்ளு!" என்று மாஸ்டர் அலறினார். நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். மாப்பிள்ளை ஒரு பின்னங்காலைத் தூக்கியது. போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டேன். உன் மகள் என்ன செய்தாளோ தெரியாது, சத்தம்கூடப் போடவில்லை, தூக்கிய கால் பூ மாதிரி கீழே இறங்கிவிட்டது.

அப்புறம்தான் விளக்கினாள். அது மாட்டிக்கொண்டு நிற்கவில்லையாம். ஓடுகிற வேகம் அத்தனையையும் உள்ளே திரட்டி, பாரத்தைப் பின்னங்காலில் வாங்கி, முன்பக்கத்தை லேசாக்கிக்கொண்டு நிற்கிறதாம். இதைப் பழக்கவே வருஷக்கணக்கு ஆகுமாம். "அடிச்சா வராது மாமா. கேட்டுக் கேட்டு, அதுவா மனசு வெச்சாத்தான்" என்றாள். பெற்ற தாயிடம்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே.

"நீங்களே ஏறிப் பாருங்களேன்" என்றாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இரண்டு பேர் என்னை மூட்டை தூக்குவதுபோல் தூக்கி மேலே வைத்தார்கள். பயம் வந்தால் வலது காலால் பிரேக்கை அமுக்குவேன் என்பது உனக்குத் தெரியுமே, உன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில்கூட அமுக்கித் திட்டு வாங்கியிருக்கிறேன். இங்கேயும் அமுக்கினேன். குதிகால் விலாவில் பட்டால் அதற்கு 'நகரு' என்று அர்த்தமாம். வலது பக்கம் மட்டும் அமுக்கவே, மாப்பிள்ளை நண்டுபோல் இடது பக்கமாக நகர்ந்தது. பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன், என் இடுப்பு திரும்பிய பக்கம் அதுவும் திரும்பிற்று. ஐயோ என்று இரண்டு காலாலும் நெருக்கி, கடிவாளத்தையும் இறுக்கிப் பிடித்தேன். போ என்கிறது கால், போகாதே என்கிறது கை. மாப்பிள்ளை இரண்டு பேச்சையும் தட்டாமல், நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தது!

அக்கா, அதை எப்படிச் சொல்வேன். எனக்குக் கீழே அதன் முதுகு மெல்ல எழும்பி வந்தது. அவ்வளவு பலம்! நினைத்தால் என்னைக் கூரையில் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. இந்தக் கத்துக்குட்டி அடுத்து என்ன கேட்கப் போகிறான் என்று காதைப் பின்னால் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூச்சை விடுங்க மாமா" என்றாள் உன் மகள். விட்டேன். நின்றுவிட்டது. அதற்கு அவ்வளவுதான் பிரேக்.

இவள் போனால் குதிரை என்ன ஆகும் என்று மாஸ்டரைக் கேட்டேன். "வேற ஆளு உக்காருவாங்க சார். இவளுக்குக் குடுக்கறத அவங்களுக்குக் குடுக்குமான்னு அதைத்தான் கேக்கணும்" என்றார். உன் மகள் காதில் விழாதவள்போல் அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சரி, அதெல்லாம் நமக்கெதற்கு? பெட்டி கட்டியாயிற்று. அத்தானுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி. உனக்கு என் நமஸ்காரம், முதுகுப் பிடிப்பால் எழுத்தில் மட்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: தட்டிவிட்டேன். ரயில் போய்விட்டது, நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள்மேல் குற்றமில்லை, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான்தான் பெட்டியைப் பிடித்து இழுத்தேன். "என்ன மாமா?" என்றாள். "நீ போய் மாப்பிள்ளையைப் பாரு, உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். அவ்வளவுதான், பிளாட்பாரத்தில் அத்தனை ஜனத்துக்கு நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். அடுத்த ரயிலில் நான் மட்டும் வருகிறேன், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இனி அவள் விழவே மாட்டாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், என்னிடம் லைசென்ஸ் வாங்கிப் போன யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அழுது முடித்துச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, அதைப் பார்த்திருந்தால் அந்தப் பெட்டியை நீயே இழுத்திருப்பாய், அக்கா.