டெல்பர்ட்டின் ஞாபகப் பரீட்சை

கிருமிநாசினியை லவோன் அவர் உள்ளங்கையில் ஊற்றிய பிறகுதான் டெல்பர்ட்டுக்கு உறைத்தது. அந்தக் கையில்தான் மூன்று வார்த்தைகளையும் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

“நல்லாத் தேச்சுக்கோங்க,” என்றாள் லவோன். ஹாஸ்கல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு, போன், அதட்டல் எல்லாம் அவள் பொறுப்பு.

தேய்த்தார். கை நீலமாகிவிட்டது.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டில் வருஷாவருஷம் ஓர் இலவசப் பரிசோதனை. அதில் ஞாபகப் பரீட்சையும் உண்டு. டாக்டர் முதலில் மூன்று வார்த்தை சொல்வார், கடிகாரம் வரையச் சொல்வார், பிறகு வார்த்தைகளைத் திருப்பிக் கேட்பார். பல வருஷமாக அதே மூன்றுதான். பெட்ரோல் பங்கில் காலைக் காபிக்குக் கூடும் கிழவர்கள், பரீட்சைக்குப் போகிறவனை ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்புவார்கள்.

டெல்பர்ட்டுக்கு எண்பத்தொன்று. போன வாரம் பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்தபோது பக்கத்து வீட்டின் தெருவோரத் தபால் பெட்டி குறுக்கே வந்துவிட்டது. மகள் ஜனெல் கறாராகச் சொல்லிவிட்டாள்: “பரீட்சையில ஃபெயிலானா வண்டிச் சாவியை எங்கிட்ட கொடுத்துடணும்ப்பா.”

வண்டி இல்லாவிட்டால் நெப்ராஸ்கா கிராமத்தில் பால் வாங்கக்கூட அடுத்தவன் தயவு வேண்டும். டெல்பர்ட் கழிப்பறைக்குள் புகுந்து, பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருந்த மெர்லுக்குப் போன் போட்டார்.

“டேய், அந்த மூணு என்னடா?”

“ஆப்பிள், பாலம், நாற்காலி.”

“நாற்காலியா? நேத்து தொப்பின்னு சொன்னியே, பாவி!”

“இரு, கேட்டுச் சொல்றேன்.” காபிக் கும்பலில் பெரும் சத்தம். “நாற்காலிக்கு மூணு ஓட்டு, தொப்பிக்கு மூணு ஓட்டு. வால்டர் மட்டும் குதிரைங்கறான்.”

“அவன் எப்படிடா பாஸானான்?”

கதவு தட்டப்பட்டது. “உள்ள யார்கூட பேச்சு?” லவோனின் குரல்.

“ஒப்பிச்... ஒண்ணுமில்ல!” என்று போனை அணைத்தார்.

உள்ளே ஹாஸ்கல் டாக்டர் சோள விளைச்சலைப் பற்றிக் கேட்டார். மழையைத் திட்டினார். ஜனெலுக்குப் பிரசவம் பார்த்த கதையைச் சொன்னார், அதையே இன்னொரு தடவையும் சொன்னார். டெல்பர்ட் எதையும் கவனிக்கவில்லை. மனசுக்குள் நாற்காலியும் தொப்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கடிகாரத்தை எப்படியோ வரைந்து முடித்தார்.

“சரி, டெல்பர்ட். நான் சொன்ன மூணு வார்த்தையைச் சொல்லுங்க.”

டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னாரா? எப்போது சொன்னார்? அவர் எந்த வார்த்தையும் சொன்னதாக நினைவில்லையே!

“ஆப்பிள், பாலம்...” நாக்கு குழறியது. “குதிரை!”

“பிரமாதம்! மூணுக்கு மூணு. இன்னும் பத்து வருஷம் வண்டி ஓட்டலாம்.”

பாஸாகி வெளியே வந்த டெல்பர்ட் வரவேற்பு மேஜை முன்னாலேயே நின்றுவிட்டார். வார்த்தையை மறந்தால் பரவாயில்லை. சொன்னதையே மறந்தவனை நம்பி ஒரு ஊரே எப்படித் தெருவில் நடக்கும்? நாளைக்குத் தபால் பெட்டி இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால்? கண் கலங்க, பிக்கப் சாவியை எடுத்து லவோனின் மேஜையில் வைத்தார்.

“இதை ஜனெல்கிட்ட கொடுத்துடு. நான் பாஸெல்லாம் இல்ல. டாக்டர் வார்த்தை சொன்னதே எனக்கு ஞாபகமில்ல, லவோன்.”

லவோன் டாக்டரின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சாவியை அவர் பக்கமே தள்ளினாள்.

“சத்தம் போடாம பையில போடுங்க. வார்த்தையைச் சொல்றதுக்கே அவர் மறந்து ரெண்டு வருஷமாச்சு.”