ஜென்சி விட்ட பந்துகள்

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார் ஸ்டீபன்ராஜ். கிடைத்தது பந்து இல்லை. போன கிறிஸ்துமஸில் காணாமல் போன செருப்பு.

"பந்து பீரோவுக்குப் பின்னாடி போச்சுங்க" என்றாள் அவர் மனைவி சுஜா, வெங்காயம் நறுக்கியபடியே.

பாலக்கரையில் மாடி வீடு. மகள் ஜென்சிக்கு ஒன்பது வயது. நடையும் பேச்சும் தாமதமாக வந்த பிள்ளை. கையும் காலும் அவள் சொன்னதைக் கேட்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். போன வருஷம் ஸ்போர்ட்ஸ் டேயில் மற்றப் பிள்ளைகள் ஓடியாட, ஜென்சி மட்டும் பந்தலில் உட்கார்ந்து கைதட்டினாள். அன்றைக்கு ஸ்டீபன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்கும் ஒரு போட்டி இருந்தது, பந்து பிடித்தல். மாசக் கடைசி சனிக்கிழமை அதற்கு ஆள் எடுக்கிறார்கள். "வீட்டுல தினமும் பழக்குங்க" என்று சொல்லியிருந்தார் விளையாட்டு டீச்சர் அக்னஸ்.

டாக்டர் பஸ் ஸ்டாப் வரை நடக்கச் சொன்னாலும் ஆட்டோவைக் கூப்பிடுகிற மனிதர், மகளுக்காகக் கைலியை மடித்துக் கட்டினார். அவர் போடுவார். ஜென்சி இரண்டு கையையும் அழகாக விரிப்பாள். பந்து நடுவே புகுந்து போய்விடும். அவர் ஓடுவார்.

"டென்னிஸ் பந்து வேகமா வருதுங்க. பலூன்ல பழக்குங்க" என்றாள் சுஜா.

பலூன் மெதுவாகத்தான் வந்தது. மெதுவாகவே ஜன்னல் வழியாக வெளியேறி எதிர்வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்தது.

"அப்ப பெரிய பந்தா வாங்குங்க."

பெரிய பந்து ஜென்சியின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு, படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, கீழ்வீட்டு ஹாஜிரா கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களுக்குள் விழுந்தது.

"என்னண்ணே, மேல கல்யாண மண்டபம் கட்டுறீங்களா?" என்றாள் ஹாஜிரா. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டார்.

மாடியேறி வந்தவருக்கு அருமையான யோசனை ஒன்று தோன்றியது. "பந்துல ஒரு கயித்தைக் கட்டிட்டா நான் ஓட வேண்டியதே இல்ல!"

"ஐயோ, கூடவே கூடாது! டீச்சர் கோவிச்சுக்குவாங்க."

"ஏன்?"

"அதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். ஹால் பத்தல, மொட்டை மாடிக்குப் போங்க."

மொட்டை மாடியிலிருந்து விழுந்த பந்து தெருவுக்கே போனது. நாலு நாளில் டீக்கடைக்காரர்கள், "சார் வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று பெஞ்சை நகர்த்தவே பழகிவிட்டார்கள். மாசம் முடிவதற்குள் ஸ்டீபன்ராஜின் இடுப்பு ஒடிந்தது. பேண்ட் வேறு தொளதொளத்தது. ஜென்சி ஒரே ஒரு பந்தைக்கூடப் பிடித்தபாடில்லை.

"திரும்பவும் பந்தல்ல உட்கார வெச்சிருவாங்க சுஜா" என்றார்.

ஜென்சி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இன்னொண்ணு." அந்தச் சிரிப்புக்கு எந்த அப்பனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? மறுபடியும் மாடியேறினார்.

சனிக்கிழமை வந்தது. பள்ளி மைதானத்தில் ஸ்டீபன்ராஜ் கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொண்டார். அக்னஸ் டீச்சர் பந்தைப் போட்டார்.

கண்ணைத் திறந்தபோது பந்து ஜென்சியின் கையில் இருந்தது.

உயரத்தில் போட்டார், பிடித்தாள். பக்கவாட்டில் போட்டார், பிடித்தாள். ஒன்றை, வேலியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டே பிடித்தாள்.

"ஜென்சி டீம்ல இருக்கா சார். வீட்டுல நல்லா பழக்கியிருக்கீங்க" என்றார் டீச்சர். ஸ்டீபன்ராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மகளைத் தோளில் சுமந்தபடி வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்ற ஹாஜிராவிடம் பெட்டியை நீட்டினார்.

"எடுத்துக்கம்மா! ரொம்ப நல்ல சேதி!"

ஜாங்கிரி மெல்லும் அவர் வாயையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்த ஹாஜிராவின் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! சுகர் இறங்கிடுச்சாண்ணே? அப்ப இனிமே வீட்டுலயும் பந்தைப் பிடிக்கலாம்னு பாப்பாகிட்ட சுஜா சொல்லிட்டாளா?"