நல்ல நேரத்தில் போட்ட சுவிட்ச்

ஒரு காட்டில், கரண்டு வந்து மூன்றே வருஷம் ஆன காட்டில், தவசிமுத்து என்றொரு கரடி வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. தேன் குடிக்கிற வம்சத்தில் பிறந்த கரடிக்கு பார்லி மேல் ஏன் ஆசை வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் வீட்டுக்காரியே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது.

அந்த வருஷம் சிங்கராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம். ராஜா கரடியைக் கூப்பிட்டனுப்பினார்.

"தவசி, இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. ஐம்பது லிட்டர் பீர் வேணும். போன தடவை மாதிரி அடிப்பிடிச்ச வாடை வந்துச்சுன்னா, பந்தியில இலைக்கு நடுவுல நீதான் இருப்பே."

போன தடவை தப்பு செய்தது அண்டாவுக்குள் இருந்த ஹீட்டர் கம்பி. குட்டையான கம்பி, அத்தனை சூடும் ஒரே இடத்தில் குவிந்து, பார்லிச் சாறு அதிலேயே கருகி ஒட்டிக்கொண்டது. நல்ல கம்பியாகப் பார்த்து மாற்றினால்தான் தோல் தப்பும். காய்ச்சியது புளித்து வர மூன்று வாரம் ஆகும் என்பதால் ஒரு வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும்.

ஒரு கம்பி வேண்டுமென்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கடைக்குப் போவோம். கரடி பயந்த சுபாவம். ராஜ காரியம் ஆயிற்றே, நாளைக்கு ஒன்று ஆனால் பழி நம் தலையில் மட்டும் விழக்கூடாது என்று கம்பித் தேர்வுக் கமிட்டி போட்டது. யானை தலைவர், மயில் உறுப்பினர், ஜோசியம் பார்க்கிற பல்லி செயலாளர். எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த ஆமை சௌந்தரத்தை, கம்பி அதனிடம்தான் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓரமாக உட்கார விட்டார்கள்.

"பத்தாயிரம் வாட்டுல இருக்கா?" என்றது யானை.

"அதைப் போட்டா காடு பூரா பியூஸ் போயிடும், அண்ணாச்சி."

"போகட்டுமே! போட்டது யாருன்னு நாலு பேருக்குத் தெரியும்ல."

மயில் பளபளவென்று மின்னிய ஒரு கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது. "சாறுக்குள்ள முங்கிக் கிடக்கப் போறது. யாரு பாக்கப் போறா?" என்று ஆமை கேட்டது. "எனக்குத் தெரியுமே, அது அழகா இருக்குன்னு," என்றது மயில்.

ஆமை பொறுமையாக மூன்றாவது கம்பியை எடுத்துக் காட்டியது. நீளமான எவர்சில்வர் கம்பி, நாலைந்து மடிப்பாக வளைத்தது. "சூடு அதே சூடுதான். ஆனா கம்பி நீளம், அதனால சூடு பரவிப் போகும். சாறு கருகாது. எர்த் வயரை மட்டும் மறந்துடாதீங்க."

"விக்காத சரக்கை நம்ம தலையில கட்டுது," என்று மயில் யானையின் காதில் சொன்னது. யானையின் காது பெரிசு, எல்லோருக்கும் கேட்டது.

ஆறு நாள் கூட்டம் நடந்தது. கரடி ஆறு நாளும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து இளைத்துப்போனது. ஏழாம் நாள் ஆமை அந்த நீளக் கம்பியைத் தூக்கிக் காட்டும்போது பல்லிக்குத் தொண்டையில் ஏதோ சிக்கி மூன்று தரம் 'ச்சு ச்சு ச்சு' என்றது. சகுனமே சொல்லிவிட்டது என்று கம்பி ஏகமனதாகத் தேர்வானது. சரியான கம்பிதான் ஜெயித்தது, சத்தியமாக. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அவர்கள் விட்டால்தானே!

மறுநாள் காலையில் திறப்பு விழா. அண்டாவுக்கு மஞ்சள் குங்குமம், சுவிட்சுக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் எலுமிச்சம்பழம். ராஜாவே வந்து தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. தண்ணீர் கொண்டுவரப் போன எருமையைத்தான் காணோம். வழியில் ஒரு குட்டையைப் பார்த்திருக்கிறது. எருமை இல்லையா, இறங்கிப் படுத்துவிட்டது.

"நல்ல நேரம் முடிய ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் ராகு காலம்," என்று பல்லி பதறியது.

"ஐயையோ, தண்ணி இல்லாம சுவிட்சைப் போட்டுறாதீங்க! கம்பி வெந்து போயிடும்!" என்று ஆமை கத்தியது.

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல என்ன பேச்சு இது? இப்ப சும்மா தொடங்கி வைக்கிறதுதான். தண்ணியை அப்புறமா ஊத்திக்கலாம்," என்றது யானை.

கரடி ஆமையைப் பார்த்தது. ராஜாவின் பல்லைப் பார்த்தது. ராஜாவுக்கு வழி விட்டு ஒதுங்கியது.

ராஜா சுவிட்சைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கம்பி செக்கச் செவேலென்று சிவந்தது. "பாத்தீங்களா, அழகு!" என்றது மயில். அடுத்த நிமிஷம் 'படார்' என்று ஒரு சத்தம். ஒரே புகை. கம்பி இரண்டாக வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் எருமை வந்து, "தண்ணியை எங்க ஊத்தணும்?" என்று கேட்டது.

கரடி அப்படியே உட்கார்ந்து அழுதது. வீட்டுக்காரியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதது.

"தண்ணி இல்லாம போட்டா கம்பி போயிடும்னு இங்க யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று ராஜா உறுமினார்.

யானைக்குத் தெரியாது. மயிலுக்குத் தெரியாது. பல்லி கூரைக்குப் போய்விட்டது.

"எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேனே," என்றது ஆமை.

"தெரிஞ்சிருந்தும் என்னைப் போட விட்டியா!" என்று ராஜா பாய்ந்து ஆமையைக் கவ்வி ஒரே கடி கடித்தார். மறுபடியும் 'படார்'. இந்தத் தடவை போனது ராஜாவின் கோரைப் பற்கள் இரண்டும், கடைவாயில் மூன்றும். ஆமை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு பத்திரமாக இருந்தது.

அதற்கப்புறம் ராஜாவால் கரடியை மட்டுமல்ல, கொய்யாப்பழத்தைக்கூடக் கடிக்க முடியவில்லை. மூன்று வேளையும் கஞ்சிதான். கஞ்சி காய்ச்ச அண்டா வைத்திருப்பது யார்? தவசிமுத்து அரண்மனைச் சமையல்காரரானது. வீட்டுக்காரி அக்கம்பக்கத்துக்கெல்லாம் லட்டு கொடுத்தது.

அண்டாவுக்குப் புதுக் கம்பி வேண்டுமே என்று கமிட்டி மறுபடியும் கூடியது. போன தடவை நடந்த தவறு இனி நடக்கக்கூடாது என்று முதல் வேலையாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: ஆமையைக் கூப்பிட வேண்டாம்.

நீதி: நல்ல புத்தி சொல்ல ஆசைப்படுகிறவர், வாயைத் திறக்கும் முன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ளவும். ஓடு இல்லையென்றால் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டவும்.