விருந்தினர் அறை மெத்தையும் பெரினின் விழுமெத்தையும்

மிய்யி,
ஞாயிறு மாலை

அன்புமிக்க கிஸ்லேன் அக்காவுக்கு,

தங்கை அலீன் எழுதிக்கொள்வது. இங்கே என் வீட்டுக்காரன் தியெரியின் இடது முழங்கை தவிர எல்லாம் நலம். நாந்த்தில் நீயும் அத்தானும் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிய கையோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், நான் செய்த முதல் வேலை, விருந்தினர் அறையில் நீ வந்தால் படுக்கிற மெத்தையை ரொட்டிக் கத்தியால் பாதியாக அறுத்ததுதான்.

கோபப்படாதே, காரணம் பெரின். வசந்தத்தில் எதிர் வீட்டுக்குக் குடிவந்த பல் மருத்துவர். ஞாயிறுதோறும் காட்டில் எங்களோடு பாறை ஏறுகிறாள். எங்கள் பாறைகளில் கயிறு கிடையாது, விழுந்தால் கீழே விரித்த விழுமெத்தைதான் கதி என்பது உனக்குத் தெரியும். எங்களுடையது கடையில் வாங்கியது, இப்போது க்ரெப் தோசை போலத் தட்டையாகிவிட்டது. அவளுடையதை அவளே தைத்திருக்கிறாள். பழைய பாய்மரத் துணியில் உறை, கழித்துப்போட்ட காரின் சீட் பெல்ட்டில் தோள்வார். போன வாரம் நான் வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே தியெரி சொன்னான்: "பெரின் மெத்தையில விழுந்தா விழுந்த மாதிரியே இல்ல. யாரோ ஏந்திப் பிடிச்ச மாதிரி இருக்கு." என் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று முதல் கார் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, விறகை மூடியிருந்த தார்ப்பாயை உறையாகத் தைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது, மூன்றாவது என் விரலில் ஏறியது. இன்று காலை உன் பஞ்சைத் திணித்து, வாயை மீன்பிடி நரம்பால் தைத்து மூடினேன்.

காட்டில் முதல் ஆளாக என் மெத்தையைப் பாறையடியில் விரித்தேன். பெரினுடையதைப் பைன் மரத்தடிக்கு அனுப்பி, அதன்மேல் சாப்பாட்டுக் கூடையை வைத்தேன். தியெரி, பாறையடியில் நான் விரித்த குட்டிக் கம்பளத்தில் ஏறுகாலணியை வழக்கம்போல் இரண்டு முறை துடைத்துவிட்டு ஏறினான். உச்சிக்கு ஒரு பிடி பாக்கி, கால் நடுங்குகிறது, இப்போது விழப்போகிறான், என்மேல்தான் விழப்போகிறான் என்று நான் பூரித்து நிற்கும்போது, கூடையைக் கிளறிய பெரின் கேட்டாள்:

"அலீன், ரொட்டிக் கத்தி எங்க?"

கத்தியைக் கடைசியாக நான் பார்த்தது அந்தப் பஞ்சின் மேல். அதோடு சேர்த்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேனோ?

"தியெரி, விழுந்துடாத."

"அதுக்குத்தானடி மெத்தை தச்ச?"

வேறு வழி தெரியவில்லை, அக்கா. தைத்த கையாலேயே என் மெத்தையை வெளியே இழுத்தேன். "அவன் தொங்கிட்டு இருக்கான், உனக்கென்ன பைத்தியமா" என்று பெரின் கத்திக்கொண்டே தன் மெத்தையைக் கூடையோடு உள்ளே தள்ளினாள். அவன் அதன்மேல் விழுந்தான். முழங்கை வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியில், மீதி உடம்பு பாலாடைக் கட்டியில்.

"பாத்தியா, வலிக்கவே இல்ல," என்றான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்தல்ல.

பிறகு பெரின் ஏறினாள், நாலு முறை விழுந்தாள், நாலு முறையும் மல்லாந்து கிடந்து சிரித்தாள். நான் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாகக் காட்டுக்கு வருகிறேன், ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஏறினால்தானே விழ முடியும். வயிற்றெரிச்சல் தியெரி அவள் மெத்தையில் விழுவதால்தானா என்று வீடு வரும்வரை யோசித்தேன். யோசிக்க யோசிக்க அவன் முகமே நினைவுக்கு வரவில்லை, அவள் சிரிப்புதான் வந்தது.

போதும். இனி அந்தக் காட்டுப் பக்கமே போவதில்லை. என் மெத்தையைப் பிரிக்காமல் அப்படியே குப்பைக் கிடங்கில் போட்டுவிடுகிறேன். கல்லறைத் திருநாளுக்கு நீ வருமுன் உனக்குப் புதுசு வாங்கிவைக்கிறேன். உன் முதுகுக்கு ஒரு குறையும் வராமலிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு ஒரு தடவல்.

அன்புத் தங்கை
அலீன்

பின்குறிப்பு: புது மெத்தைக்கு அளவெடுக்க இப்போதுதான் விருந்தினர் அறைக்குப் போனேன். கத்தி உன் மெத்தையின் மறுபாதியில் குத்தி நிற்கிறது. ஆக, என் மெத்தையில் ஒரு குற்றமும் இல்லை. நாளை தியெரி வேலைக்குக் கிளம்பியதும் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, அதே பாறைக்குத் தனியாகப் போகிறேன். இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ வரும்போது சோபாவில் படுத்துக்கொள்.