கடலைக் காணாத கலண்டர் நானா

இந்தத் தீவில் கடலுக்கு நல்லது செய்தவர்களின் பட்டியலை யாராவது எழுத உட்கார்ந்தால், முதல் பெயராக, ஐம்பத்தெட்டு வயது வரை கடலையே காணாத ஒருவரைப் போட வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. மாத்தளை டவுனில் 'கலண்டர் நானா', அதாவது கலண்டர் அண்ணன், என்றால்தான் தெரியும்.

நானா கருவாட்டு வியாபாரி. அவர் கடைக்கு ஒட்டினாற்போல் போட்டோகொப்பிக் கடை போட்டது நான் செய்த பாவம். என்னிடம் பிரதி எடுத்த பிறப்புச் சான்றிதழ்களில் கட்டாக் கருவாடு மணக்கும். யட்டவத்தயில் ஒரு கிளார்க் தாளை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "மாத்தளையில எடுத்ததா?" என்று கேட்டாராம்.

கருவாட்டு வியாபாரி கடலைப் பார்க்காததற்குக் காரணம் பஸ். பக்கத்து டவுன் நாவுலயைத் தாண்டினால் நானாவுக்கு வாந்தி வரும். அதனால் வியாபாரமெல்லாம் போனில்தான்; ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுவதால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்கும். மேற்குக் கரையில் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து அந்தோனி என்பவர் லொறியில் சரக்கு அனுப்புவார். இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் கிழமைக்கு மூன்று நாள் சண்டை பிடித்தார்கள்.

"நெத்தலி எங்கப்பா?"

"கடல்ல இறங்கேலாது நானா. கடற்பசு வந்து நிக்குது. வலை போட்டா அதுகள் மாட்டிச் செத்துப்போகும்."

"கடல்ல பசுவா! அடுத்த கிழமை ஆடு வந்திச்சின்னு சொல்லுவீங்க. எத்தன நிக்குது?"

"நாலு."

"எந்தப் பக்கம்?"

"தெற்கால, கடலடிப் புல்லுத் திட்டில."

"இருங்க, எழுதி வச்சிக்கிறேன்!"

உண்மையாகவே எழுதிவைப்பார். சுவரில் தொங்கும் கலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள், எறும்பு எழுத்தில் அந்தோனி சொன்ன சாட்டு, சாக்குப்போக்கு முழுவதும் ஏறும். என்ன மிருகம், எத்தனை, எந்தத் திட்டு, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பொலிஸ்காரர் போல் விசாரித்துத்தான் எழுதுவார். "பொய் சொல்றவனுக்கு எடம் மறந்து போயிரும், தம்பி. ஒரு நாளைக்கு மாட்டுவான் பாருங்க" என்று என்னிடம் கண்ணடிப்பார். பல்லேகமயிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர், "யானை றோட்ட மறிச்சிருச்சு, அதான் லேட்டு" என்று சொன்னபோது அந்த யானைக்கும் ஒரு கட்டம் கிடைத்தது.

வருஷம் முடிந்தாலும் பழைய கலண்டரைக் கழற்ற மாட்டார். அதே ஆணியில் அதன் மேலேயே புதியது ஏறும். ஒருமுறை சுவர்ப்பூச்சோடு ஆணி பெயர்ந்து விழுந்ததில், கீழே படுத்திருந்த பூனை ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. நானா கொங்கிரீட் ஆணி அடித்தார்.

"போன மார்ச்லயும் இதே சாட்டுத்தான் சொன்னீங்க!" என்று ஒருநாள் கலண்டரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கத்தினார்.

"மார்ச்சிலதான் அதுகள் வரும் நானா. அது வாற காலம்!"

"மாடு கலண்டர் பாத்தா வரும்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த சண்டையில், இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அந்தோனியின் குரல் இறங்கிவிட்டது. அவர்களுடைய கடலில் காற்றாலைகள் வரப்போகின்றன. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, அங்கே கடற்பசு எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். அந்தப் புல்லுத் திட்டிலேயே தூண் இறக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம்.

"தூண் அடிக்கிற சத்தத்துக்கு அதுகள் ஓடிடும் நானா. புல்லுப் போனா எங்கட மீனும் போகும். நாங்க சொன்னா, எழுத்தில காட்டு எண்டு கேக்கினம். எழுத்துக்கு நான் எங்க போறது?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. என் மெஷின் நின்றது. கரண்ட் கட் காலத்தில் ஒரு சுறாக் கருவாட்டையே பூனைகளுக்குப் பறிகொடுத்தவர் நானா. கடலில் காற்றாடி வருகிறது என்று பேப்பரில் பார்த்த அன்று, இனிக் கரண்ட் போகாது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தவர். இப்போது இருட்டில் நின்று கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. சாட்சி சொல்வதென்றால், இருபத்திரண்டு வருஷமாகப் பொய்யன் என்று ஏசிய மனிதரை உண்மையானவர் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்குப் பூட்டுப் போடுவது நானாவுக்கு அதைவிடச் சுலபம்.

கரண்ட் வந்ததும் முழுக் கலண்டர்க் கட்டையும் தூக்கிவந்து என் மேசையில் போட்டார். "எல்லாத்தையும் கொப்பி எடுங்க தம்பி. வியாழக்கெழம நீங்களும் வாங்க. வாந்தி எடுத்தா புடிக்க ஒரு ஆள் வேணும்."

நாவுலயைத் தாண்டுமுன்பே பிடித்தேன். தம்புள்ளையில் பிடித்தேன். அநுராதபுரத்தில் நானும் சேர்ந்து எடுத்தேன். வாந்தி வராமலிருக்கத் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், மூக்கில் வைத்தபடி நானா கடற்கரையில் இறங்கி, கடலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியா?" என்றார். ஒல்லியாக ஒருவர் ஓடிவந்து, "நானா?" என்றார். "அந்தோனியா? போன்ல பெரிய ஆளா இருந்தீங்களே!" என்றார் நானா. அதற்குமேல் போன் இல்லாமல் அவர்களுக்குச் சண்டை வரவில்லை.

கூட்டத்தில் நானாவின் முறை வந்தது.

"நீங்கள் மீனவரா?" என்று கேட்டார் தலைமை அதிகாரி.

"இல்ல சேர்."

"இந்த ஊரா?"

"மாத்தளை."

சிரிப்பு எழுந்தது. "மாத்தளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்ல சேர். நான் இந்த மனுசன நம்பாத ஆள்" என்று அந்தோனியைக் காட்டினார். "பொய்யைப் புடிக்கிறதுக்குத்தான் ஒவ்வொரு தரமும் எழுதினேன். இருபத்திரண்டு வருஷம். வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா, ஒரு பொய் கூட மாட்டல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தோனி தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி சார்பில் வந்திருந்த கடல் ஆய்வாளர், ஓர் இளம் பெண், பிரதிகளை வாங்கி வரிசையாக மேசையில் பரப்பினார். நான் எழுத்துகளை வாசித்துச் சொன்னேன். மார்ச், ஏப்ரல் கட்டங்களில் வருஷம் தவறாமல் கடற்பசு; அதே புல்லுத் திட்டு. கம்பெனி ஆட்கள் பார்க்க வந்தது செப்டம்பரில். நானாவின் செப்டம்பர்க் கட்டங்களிலும் ஒரு மாடு கூடக் கிடையாது.

"இவங்களும் பொய் சொல்லல்ல சேர். மாடு இல்லாத மாசத்துல வந்து பாத்திருக்காங்க" என்றார் நானா. "காத்தாடி வரட்டும். கரண்ட் எங்களுக்கும் வேணும். மாடு மேயிற எடத்த விட்டுத் தள்ளித் தூண நடுங்க. மேயிற மாசத்துல அடிக்காதீங்க. அவ்வளவுதான்."

அந்தப் பெண் தாள்களிலிருந்து தலையை எடுக்காமலே, "இதைத்தான் சேர் செய்ய வேண்டும்" என்றார். மண்டபம் கைதட்டியதில் நானாவின் கையிலிருந்த தேசிக்காய் நழுவி உருண்டு அதிகாரியின் காலடிக்குப் போனது. சில மாதங்கள் கழித்து அனுமதி வந்தபோது, வரைபடத்தில் தூண்கள் புல்லுத் திட்டுக்கு வெளியே போயிருந்தன. மார்ச், ஏப்ரலில் கடலில் ஒரு சுத்தியல் சத்தமும் கூடாது என்று நிபந்தனை. அன்று மாத்தளைக் கடைத்தெருவில் பட்டாசு வெடித்தது. நானாவை ஒரு ஓட்டோவில் ஏற்றி ஊர்வலம் விட்டோம். ஓட்டோவிலும் வாந்தி எடுத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த மார்ச்சில், வழக்கம்போல் நெத்தலி வரவில்லை. நானா போனைப் போட்டுக் கத்தத் தொடங்கியதும் நானும் வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். மறுமுனையில் அந்தோனி, "அதுகள் வந்திட்டுது நானா" என்றார்.

நானா பேனையை எடுத்துக்கொண்டு கலண்டரிடம் போனார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு மெதுவான குரலில் கேட்டார்: "குட்டியும் வந்திருக்கா, அந்தோனி?"