கணக்கு வகுப்பில் படம் வரைகிறார்கள், மாமா

மதிப்பிற்குரிய குகன் மாமாவுக்கு,

காப்பாரிலிருந்து உங்கள் அக்கா மகள் லோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் ரத்த அழுத்தம் குறைந்து, அத்தையின் முழங்கால் வலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல், டாக்டரிடம் காட்டுகிற வகை இல்லை.

பதினெட்டு வருடமாக இந்த இடைநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் ஓவியப் பாடம் இருக்க வேண்டுமானால், இப்போது மூன்றாம் படிவத்தில் படிக்கிற பிள்ளைகளில் பதினைந்து பேராவது பெயர் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பாடத்தை மூடிவிட்டு என்னை உடற்கல்விக்குப் போட்டுவிடுவாராம் முதல்வர். இதுவரை வந்தது நான்கு பெயர், அதில் ஒன்று தவறுதலாக எழுதியது. என்னை ஒரு விசிலோடு திடலில் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை இழுக்க நான் செய்யாதது இல்லை மாமா, பாட்டுப் போட்டேன், வீடியோ காட்டினேன், பாசாரில் ரம்புத்தான் பழம் வாங்கிவந்து தட்டில் அழகாக அடுக்கி வரையச் சொன்னேன், நான் பென்சில் சீவி நிமிர்வதற்குள் தட்டில் தோல்தான் மிச்சம், சரி தோலையாவது வரையுங்கள் என்றால் "தோல் போரிங் லா டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குக் கணக்கு நோட்டை எடுத்து வீட்டுப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் நான் கொடுத்த கலர் பென்சிலில்.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு வாத்தியார் ரெங்கசாமி ஒரு கட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "டீச்சர், உங்க பிள்ளைங்க என் கிளாஸ்ல என்ன செய்றாங்கன்னு நீங்களே பாருங்க. நான் அல்ஜீப்ரா நடத்துறேன், இவங்க படம் போடுறாங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க லா" என்றார். பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். மின்நிலையத்துப் புகைபோக்கி, மீன்பிடிப் படகு, மழையில் நனைகிற மோட்டார் சைக்கிள், போர்டில் எழுதுகிற ரெங்கசாமி பதினேழு விதமாக. என்னிடம் மூன்று மாதமாக வெற்றுத்தாளை நீட்டி "ஐடியா வரல டீச்சர்" என்று சொன்ன ஷாமினி, அவர் சட்டை முதுகில் வியர்வை ஊறிய இடத்துக்குப் போட்டிருக்கிறாளே ஒரு நிழல், நான் மூன்று வருடம் கல்லூரியில் படித்தும் எனக்குக் கைவராத நிழல். அந்த மனிதர் போர்டில் போடும் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அவருக்கா இந்த யோகம்? பொறாமைதான் மாமா, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

என்னதான் வித்தை வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. "ஒரு நாள் உங்க கிளாஸ்ல உக்காரட்டுமா சார்?" என்று கேட்டேன். "வாங்க வாங்க, அல்ஜீப்ரா கத்துக்கிட்டு யாரும் கெட்டுப்போனதில்ல" என்றார். மறுநாள் குறிப்பெடுக்க நோட்டோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வந்தார், போர்டுப் பக்கம் திரும்பினார், நாற்பது நிமிடம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்றம் இறக்கம் இல்லாத ஒரே குரல், கொஞ்ச நேரத்தில் மேலே சுற்றுகிற காற்றாடிச் சத்தம் எது, அவர் சத்தம் எது என்றே தெரியவில்லை. பாட்டு இல்லை, வீடியோ இல்லை, ரம்புத்தான் இல்லை. யாரும் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை, யாரும் 'சபாஷ்' சொல்லவில்லை. முப்பது தலையும் குனிந்து வரைந்துகொண்டிருந்தது. என் வகுப்பில் ஒரே ஒரு நாள்கூட இப்படித் தலைகள் குனிந்ததில்லை.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். கல்வி இலாகாவில் ஆசிரியர் இடமாற்றமெல்லாம் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகிறது. ரெங்கசாமி சாரின் வீடு தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிறது. பாவம், தினமும் லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் வருகிறார், பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அவர் வீட்டுப் பக்கமாகவே ஒரு பள்ளி பார்த்துக் கொடுத்தால் உங்களுக்குப் புண்ணியம். அவர் மாற்றம் கேட்டாரா என்று கேட்காதீர்கள், தன்மானக்காரர், வாய்விட்டுக் கேட்கமாட்டார். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அத்தை படித்துவிட்டுக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார் என்பதால்தான் தபால்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பதவி உயர்வுக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றிவருகிறேன்.

உங்கள் சிபாரிசை நம்பியிருக்கும்,
லோகேஸ்வரி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஆகவே மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். அன்று எடுத்த குறிப்பைத் தேடி நோட்டைத் திறந்தால், 'திரும்பாமல் நிற்கிறார்' என்று ஒரு வரிதான் இருக்கிறது. மற்ற நான்கு பக்கமும் ரெங்கசாமி சாரின் முதுகு, நான் வரைந்தது. எனக்கென்று நான் எதையாவது வரைந்து பத்து வருடம் இருக்கும். ஷாமினி எட்டிப் பார்த்து, "ஓகே லா டீச்சர், தோள்தான் கொஞ்சம் தூக்கிடுச்சு" என்றாள். மறுநாள் பதினெட்டுப் பெயரோடு ஒரு பட்டியல் கொடுத்தாள். "ஆனா ஒரு கண்டிஷன் டீச்சர், ஓவிய கிளாஸ்லயும் ரெங்கசாமி சார் வந்து அல்ஜீப்ரா நடத்தணும்." வந்த கோபத்தில் பட்டியலைக் கிழித்திருப்பேன், விசில் ஞாபகம் வந்தது, சாரிடமே போய்க் கேட்டேன். படம் போட்டாலும் பிள்ளைகளுக்குக் கணக்கில் இவ்வளவு ஆர்வமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று வெள்ளோட்டம் பார்த்தோம், எனக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவரை எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள் மாமா. அவருடைய காது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஷாமினிக்கு வந்துவிட்டது.